நின்றுகொண்டு படித்த உட்காரும் பாடம்

உங்களுக்கு ஆங்கிலம் தெரியும்தானே? அப்படியானால் ஒன்று கேட்கிறேன், தயங்காமல் பதில் சொல்லுங்கள். வீட்டு நாயை உட்காரச் சொல்ல ஒரு சொல் வைத்திருக்கிறீர்களே, அதை அப்படியே உங்கள் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கும் துணிச்சல் உண்டா?

இருக்காது. முழங்கால் மடங்கும், இடுப்பு இறங்கும், முதுகு கொஞ்சம் நிம்மதி அடையும். இந்தக் காரியத்தில் நாய்க்கும் அதிகாரிக்கும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. வேறுபாடெல்லாம் சொல்கிறவர் வாயில் இருக்கிறது. ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்வானேன்? நம் வீட்டு லட்சணம் என்ன? தலைவர் என்றால் ‘அமர்ந்தார்’. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் ‘உட்கார்ந்தார்’. பிடிக்காதவன் என்றால் ‘வந்து குந்திக்கிட்டான்’. அரசனோ அரியணையில் ‘வீற்றிருந்தான்’. எல்லோருக்கும் இருப்பது ஒரே பின்புறம்தான். அதைக் கீழே வைப்பதற்குத்தான் இத்தனை படிக்கட்டு.

இந்தப் படிக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தவர் ஒருவர் இருக்கிறார். படித்ததும் நின்றுகொண்டேதான். தலையணை விற்கும் அவருக்குக் கடையில் ‘தலையணை அக்கா’ என்று பெயர்.

கடை மூன்று மாடி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, சோபா உறை, திரைச்சீலை, கால்மிதி எல்லாம் கிடைக்கும். மனிதர் படுக்கவும் சாயவும் சரியவும் என்னென்ன துணி வேண்டுமோ அத்தனையும் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். விற்கிற பெண்களுக்கு மட்டும் ஒரு முக்காலி கிடையாது. வாடிக்கையாளருக்குப் பிரிவுக்கு இரண்டு மெத்தை நாற்காலி. ஊழியர்கள் கடைக்குள் உட்காரக் கூடாது. இந்தச் சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதிய சட்டத்திலாவது ஓட்டை தேடலாம். எழுதாத சட்டத்தில் எங்கே போய்த் தேடுவது?

சட்டத்தைக் காப்பாற்ற ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நெட்டையாக, கழுத்தை நீட்டி, மாடிப்படி முனையில் அசையாமல் நிற்பார். பெண்கள் அவருக்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது மேசையில் இடுப்பைச் சாய்த்தால் போதும், அங்கிருந்தே குரல் வரும்.

“என்னம்மா, குந்தித் தின்றால் குன்றும் மாளும். கேள்விப்பட்டதில்லையா?”

“நாங்க நின்னுக்கிட்டே தின்னுறோம் சார், குன்றைத்தான் காணோம்” என்பாள் பக்கத்துத் திரைச்சீலைப் பிரிவில் நிற்கும் சுருட்டை. சுருள்முடிக்காரி. வாய் நீளம். கொக்குக்குக் காது கேட்கும் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

ஆனாலும் அந்தக் கடையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். எப்படி என்றால், ஒவ்வொரு பிரிவிலும் விற்பனை மேசைக்குப் பின்னால் சுவரோடு அலமாரி. அதன் கடைசி அடுக்கு கணுக்கால் உயரத்தில் இருந்தது. அதில் இருப்பதை எடுக்கக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால் மேசை மறைத்துவிடும். இரண்டு துணிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அது அரை முக்காலி. அதில் உட்கார்ந்து காலை நீட்டி, கையில் ஒரு விரிப்பை வைத்து மடித்தும் பிரித்தும் கொண்டிருக்கலாம்.

“கீழ் அடுக்கு பார்த்துட்டு வரேன்” என்று சொன்னால் மற்றவர்களுக்குப் புரியும். ஒருத்தி மேசையைப் பார்த்துக்கொள்வாள், ஒருத்தி கீழே இறங்குவாள். கொக்கு நகர்ந்தால் மேலே இருப்பவள் இருமுவாள். முறை வைத்துத்தான் உட்காருவார்கள். கர்ப்பமாக இருந்தவளுக்கும் அக்காவுக்கும் மட்டும் முறை கொஞ்சம் அடிக்கடி வரும். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

எல்லாப் பிரிவிலும் அந்தக் கீழ் அடுக்கில் இருந்தது, குடும்பமே ஒன்றாகப் படுக்கலாம் என்னும் அளவில் ஓர் ஊதா நிற விரிப்பு. கத்தரிக்காயை அரைத்துச் சாயம் போட்டதுபோல் ஒரு நிறம். எப்போதோ தவறாக வந்து இறங்கிய சரக்கு. கேட்பார் இல்லை. ஆனால் கடையிலேயே ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்த துணி அதுதான்.

அக்காவுக்கு அந்த அடுக்கு சோம்பலுக்காகத் தேவைப்படவில்லை. பல வருடம் நின்றதில் கெண்டைக்காலில் நீல நரம்புகள் கொடிகொடியாகப் புடைத்திருந்தன. மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்துபோகும். மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவர் காலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் எழும்பி வரக் காத்திருந்து பார்த்தார்.

“மணிக்கு ஒரு தடவையாவது உட்காருங்கம்மா. காலைக் கொஞ்சம் தூக்கி வைங்க. இப்படியே விட்டா கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், அப்புறம் புண்ணாயிடும். அந்தப் புண் லேசுல ஆறாது. வேலைக்கே போக முடியாமப் போயிடும்.”

“நான் கடையில வேலை செய்றேன் டாக்டர்.”

“சரி?”

“அங்க உட்கார முடியாது.”

“ஏன், நாற்காலி இல்லையா?”

“இருக்கு டாக்டர். துணி வாங்க வர்றவங்களுக்கு.”

மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, “அப்போ வேற வேலை பாருங்களேன்” என்றார். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் சொன்னார்.

வீட்டில் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, “எல்லாம் தலையெழுத்து அண்ணி” என்று முடித்துக்கொண்டாள். தலையில் எழுதியது காலில் எப்படி வீங்கும் என்று அக்காவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் முக்காலி வாங்கிப் போடாததற்குப் பிரபஞ்சத்தையே பொறுப்பாக்கிவிடும் வசதி நம்மிடம் இருக்கிறது. அது இருக்கும்வரை முதலாளிகளுக்குக் கவலை எதற்கு?

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு நேர்மாறான நோய். நாள் முழுவதும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு செத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் சோற்றுத் தட்டைக்கூட நின்றுகொண்டுதான் வாங்குவார்.

“உனக்கென்ன, நாள் பூரா காத்தாட நிக்குற. கொடுத்து வச்சவ” என்பார் சுவரில் சாய்ந்தபடி.

“காத்தாடவா? வாங்களேன், நாளைக்கு மாத்திக்கலாம். நான் உங்க பஸ்ஸ ஓட்டுறேன்.”

“நீ ஓட்டினா ஜனங்க இறங்கிடுவாங்க.”

“நீங்க தலையணை வித்தா மட்டும் என்னவாம், வாங்குறவங்க தூக்கம் போயிடும்.”

ஒரே வீட்டில் ஒருவர் உட்கார முடியாமலும் ஒருவர் நிற்க முடியாமலும் சாகிறார்கள். இரண்டையும் கலந்து பங்குபோட ஒரு மனித மூளைக்கும் தோன்றவில்லை. சந்திரனில் இறங்கத் தோன்றியிருக்கிறது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த கடைக்குச் சின்ன முதலாளி வந்து சேர்ந்தார். பெரியவரின் மகன். எங்கோ போய் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த எல்லாக் கேடும் நல்லெண்ணத்தில் நடந்ததுதான். கடை முழுவதும் புதுக் கேமராக்கள் மாட்டினார். எங்கே எவ்வளவு நேரம் ஆள் இருக்கிறது என்று அவை கணினியில் வண்ணம் தீட்டிக் காட்டும்; நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டாது. ஆள் நடமாட்டம் அதிகமான இடம் சிவப்பாகத் தெரியும். அவர் பார்த்தார். வாசல் சிவப்பு, பணம் கட்டும் இடம் சிவப்பு. அதைவிடச் சிவப்பாக, ரத்தச் சிவப்பாக, ஒவ்வொரு பிரிவிலும் மேசைக்குப் பின்னால் ஓர் இடம்.

கீழ் அடுக்கு.

சின்ன முதலாளி இரண்டு நாள் யோசித்தார். ஊழியர்கள் ஓயாமல் அந்த ஊதா விரிப்பை எடுக்கக் குனிகிறார்கள். அப்படியானால் கேட்கிறவர்கள் நிறைய. ஆனால் விற்பனை இல்லை. ஏன்? அவர்கள் குனிந்து தேடி எடுப்பதற்குள் வாடிக்கையாளர் பொறுமை இழந்து போய்விடுகிறார். கணக்கு சரியாக வந்தது. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் கேமரா இருக்கும்போது ஆளை எதற்குக் கேட்பது?

ஒரு வாரத்தில் தச்சர்கள் வந்தார்கள். எல்லா அலமாரியிலும் கீழ் அடுக்கைப் பிடுங்கிவிட்டு, கண் உயரத்தில் புது அடுக்கு அடித்தார்கள். கீழே பலகை வைத்து மூடினார்கள். ஊதா விரிப்பு ஒரு லாரி நிறைய வந்து இறங்கியது. சின்ன முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

“இத்தனை நாளா நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு குனிஞ்சு எடுத்திருக்கீங்கன்னு நான் பார்த்தேன். எனக்கே சங்கடமாப் போச்சு. இனிமே நீங்க குனியவே வேண்டாம்.”

கொக்கு முதலில் கைதட்டினார். பெண்களும் தட்டினார்கள். சுருட்டை மெல்ல, “போச்சுடி, நம்ம ஆபீஸை இடிச்சுட்டாங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா உட்கார்ந்தது மதியச் சாப்பாட்டின்போது பின்படிக்கட்டில் மட்டும்தான். அதுவும் விழுங்கிவிட்டு எழ வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. மருத்துவர் சொன்னதில் முதல் படி வந்துவிட்டது. அடுத்த படி என்னவென்று அக்காவுக்குத் தெரியும். மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கணவரின் இடுப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது அவருக்கே தெரியாது. இந்த வேலை போனால் வீட்டில் பாதி அடுப்பு அணையும்.

இந்தச் சமயத்தில்தான் எதிர்ச் சாரியில் கண்ணாடிச் சுவரோடு ஒரு பெரிய வணிக வளாகம் திறந்தது. அங்கே விற்கிற பெண்கள் இங்கிலீஷ் பேசுகிறார்கள் என்று சின்ன முதலாளிக்குத் தகவல் வந்தது. நம் கடையில் கூட்டம் குறைவதற்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. காரணம் இங்கிலீஷ். ஊதா விரிப்பு அல்ல.

தினமும் காலை, கடை திறப்பதற்கு முன் மேல்மாடியில் வகுப்பு. பேச்சு இங்கிலீஷ் சொல்லித்தர ஒருவரை அமர்த்தினார்கள். முப்பதைத் தாண்டாத ஆள். சலவை மடிப்புக் கலையாத சட்டை. பெண்கள் அவரை ‘வாத்தியார்’ என்றார்கள். முதல் நாள் அவர் கேட்டது, “எல்லாரும் ஏன் நிக்குறீங்க? உட்காருங்க.” எல்லோரும் கொக்கைப் பார்த்தார்கள். கொக்கு, “இதுவும் கடைதான் சார்” என்றார். வாத்தியாருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

முதல் பாடம் வரவேற்பு. வாடிக்கையாளரை எப்படி உட்காரச் சொல்வது?

“வெறும் ‘சிட்’ சொல்லவே கூடாது. அது நாய்க்குச் சொல்றது. குழந்தைக்குச் சொல்லலாம். ‘சிட் டவுன்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனா பள்ளிக்கூட டீச்சர் அதட்டுற மாதிரி இருக்கும். கடைக்கு வர்றவங்களுக்கு ‘ஹேவ் எ சீட்’, இல்லைன்னா ‘டேக் எ சீட்’. ரொம்பப் பெரிய மனுஷங்க, இல்ல நிறையப் பேர் கூடின சபைன்னா ‘ப்ளீஸ் பி சீட்டட்’.”

“டேக்னா எடுத்துக்கிறதுதானே சார்?” என்றார் அக்கா. “எடுத்துக்கோங்கன்னு சொல்லி, நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டா யார் சம்பளத்துல பிடிப்பாங்க?”

வாத்தியாரே சிரித்துவிட்டார். பிறகு கரும்பலகையில் இரண்டு சொல்லை எழுதினார். “இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. ‘சிட்’ங்கிறது நாம செய்றது. நாமளா போய் உட்காருறது. ‘சீட்’டை வினையாப் பயன்படுத்தினா, இன்னொருத்தரை உட்கார வைக்கிறது. ‘அந்த அம்மாவை ஜன்னல் பக்கம் சீட் பண்ணினேன்’னா உட்கார வச்சேன்னு அர்த்தம். நீங்க கடையில வேலை செய்றவங்க. உங்களுக்குத் தேவை ரெண்டாவதுதான்.”

அவர் கபடமில்லாமல்தான் சொன்னார். இலக்கணமாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

சொல்லித்தருவதில் அவருக்கு ருசி உண்டு. பாடத்தில் இல்லாததையும் சொல்வார். “ஆங்கிலத்துல இந்த ‘சிட்’ ரொம்ப வேலை செய்யும். கோழி முட்டை மேல சிட் பண்ணும். கோர்ட் கூடினா, கோர்ட் சிட் பண்ணுதும்பாங்க. பரீட்சை எழுதுறதையும் சிட் பண்றதுன்னு சொல்றதுண்டு. சட்டை உடம்புக்குப் பொருந்தினா, நல்லா சிட் ஆகுதும்பாங்க. அலமாரியில ஒரு பூச்சாடி இருந்தா, பூச்சாடி அங்க சிட் பண்ணுதுன்னுகூடச் சொல்லலாம்.”

“கோழி உட்காருது” என்றாள் சுருட்டை விரலை மடக்கி. “கோர்ட்டு உட்காருது. சட்டை உட்காருது. பூச்சாடி உட்காருது. ஏன் சார், அந்த ஊர்ல பூச்சாடியைக் கவனிக்கக் கொக்கு கிடையாதா?”

“என்ன கொக்கு?” என்று வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மேற்பார்வையாளர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். வகுப்பு குலுங்கியது.

இன்னொரு நாள் துணைச்சொற்கள். ‘சிட் அப்’ என்றால் நிமிர்ந்து உட்கார், ‘சிட் பேக்’ என்றால் சாய்ந்து உட்கார். வரிசையில் ‘சிட் இன்’ என்றொன்று வந்தது. அதை மட்டும் வாத்தியார் தாண்டிப் போனார்.

“அது என்ன சார்?”

“அது… ஒரு இடத்துல போய் எல்லாருமா உட்கார்ந்துக்கிட்டு, கேட்டது கிடைக்கிற வரைக்கும் எழுந்திரிக்காம இருக்கிறது. அது நமக்கு வேண்டாம்மா. கடைக்குத் தேவையில்லை.”

இரண்டாவது வாரம் வாத்தியார் ஒரு பயிற்சி கொண்டுவந்தார். ஒருத்தி வாடிக்கையாளர், ஒருத்தி விற்பவள். விற்பவள் ஆங்கிலத்தில் வரவேற்று உட்காரச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வேண்டும். பயிற்சிக்காகக் கீழிருந்து இரண்டு மெத்தை நாற்காலிகள் மேலே வந்தன. சொல்லித்தருகிறவரே போடச் சொன்ன நாற்காலி, ஆகவே கொக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

அன்று வாடிக்கையாளராக வரக் கை தூக்காதவர் ஒருவர்கூட இல்லை.

விற்பவள் சரியாகச் சொல்லிவிட்டால் பயிற்சி முடிந்தது, எழ வேண்டும். தவறாகச் சொன்னால் வாத்தியார் திருத்துவார், திரும்பச் சொல்ல வைப்பார். அதுவரை வாடிக்கையாளர் உட்கார்ந்தபடியே காத்திருப்பாள். இந்த நுட்பம் பெண்களுக்குப் புரிய ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. இடிக்கப்பட்ட ஆபீஸ் மேல்மாடியில் மெத்தையோடு திறந்துவிட்டது.

இதில் அக்கா கைதேர்ந்தவர். சுருட்டை உட்கார்ந்திருந்தால் அக்கா, “ப்ளீஸ் ஹேவ் எ சிட்டு” என்பார். திருத்தினால், “ப்ளீஸ் ஈட் எ சீட்டு” என்பார். நாற்காலியைத் தின்னச் சொல்லக் கூடாது என்று வாத்தியார் வியர்த்து விளக்குவார். அக்கா முகத்தில் ஒரு சின்ன அசைவும் இருக்காது. அடுத்த முறை, “டேக் எ சிட் டவுன் ப்ளீஸ் பி” என்று மொத்தப் பாடத்தையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பார். பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆள் மாறும்போது அக்கா உட்காருவார், சுருட்டை தவறு செய்வாள். ஆனால் சுருட்டைக்கு இரண்டு தவறுக்கு மேல் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று சட்டென்று சரியாகச் சொல்லித் தொலைத்துவிடுவாள். அப்படிக் கிடைத்த உட்காரலில் காலை நீட்டி வைத்துக்கொள்வார் அக்கா. கணுக்கால் அரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மாத முடிவில் வாத்தியார் சின்ன முதலாளியிடம் போய்ச் சொன்னார். இப்படி ஆர்வமுள்ள மாணவிகளைப் பார்த்ததில்லை, ஒருத்திகூட விடுப்பு எடுப்பதில்லை, வகுப்பை நீட்டிக்கலாம். ஒரேயொருவர் மட்டும், தலையணைப் பிரிவில் இருக்கும் அம்மா, பாவம், எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் உட்காரச் சொல்லும் வாக்கியம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

அன்று மாலையே கொக்கு வந்து நின்றார்.

“தலையணை அக்கா, இங்கிலீஷ் வராதவங்களைக் கிடங்குக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை பரீட்சை. சின்ன முதலாளியே வாடிக்கையாளரா வர்றாரு. சொல்லிட்டேன், அப்புறம் என்னை நோகக் கூடாது.”

கிடங்கு தரைக்கு அடியில் இருந்தது. அங்கே மூட்டை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், விடிந்ததிலிருந்து காலிலேயே நிற்க வேண்டும். அங்கே போனால் அந்தக் கறுத்த தோல் எத்தனை நாள் மூடியிருக்கும் என்று அக்கா வீட்டுக்கு வந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒழுங்கா சொல்லிட்டு வா, தலைவலி தீர்ந்தது” என்றார் கணவர், சுவரில் சாய்ந்து.

“சொல்லிட்டா பாஸ். பாஸானா வகுப்பு முடிஞ்சுது. மறுபடி காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதே மேசை, அதே நிக்கிறது. சொல்லலைன்னா கிடங்கு. ரெண்டு பக்கமும் நிக்கத்தானே சொல்றாங்க.”

“அப்போ என்னதான் பண்ணப் போற?”

“தெரியல. நீங்க முதல்ல அந்தச் சுவரை விடுங்க, அழுக்காகுது.”

திங்கட்கிழமை மேல்மாடியில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. சின்ன முதலாளி கதவருகே போய், வாடிக்கையாளரைப்போல் பையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் அவர் உட்கார்ந்து எழுந்தார். கடைசியில் அக்கா.

“குட் மார்னிங் சார். வெல்கம். ப்ளீஸ் ஹேவ் எ சீட்.”

பிசிறில்லை. வாத்தியார் வாயைப் பிளந்தார். சின்ன முதலாளி மகிழ்ச்சியாக உட்கார்ந்தார். அடுத்து அக்கா விரிப்பை எடுத்துக் காட்ட வேண்டும். அக்கா எடுக்கவில்லை. எதிரே இருந்த இன்னொரு நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்தார், உட்கார்ந்தார்.

“என்ன பண்றீங்க?” என்றார் சின்ன முதலாளி.

“ஐ ஆம் சிட்டிங், சார்.”

“அம்மா, எழுந்திரு!” என்று கொக்கு பாய்ந்து வந்தார்.

“இருங்க சார், நான் சின்ன முதலாளிகிட்ட பேசிட்டிருக்கேன்” என்றார் அக்கா. எழவில்லை. காலை நீட்டிக் கறுத்த கணுக்காலைக் காட்டினார். “டாக்டர் உட்காரச் சொல்லிட்டாங்க சார். உட்காரலைன்னா இது புண்ணாயிடும். புண்ணானா நான் எந்த வேலைக்கும் போக முடியாது. இங்கிலீஷ் எனக்கு முதல் வாரமே வந்துடுச்சு. தப்புத் தப்பா சொன்னா எதிர்ல இருக்கிறவ இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவா. அதுக்காகத்தான் சொன்னேன். வாத்தியார் மேல தப்பு இல்ல, அவர் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாரு.”

வாத்தியார் தன் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்துகொண்டார். இத்தனை நாள் அதில் தான் ஒருவர் மட்டுமே உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்ததுபோல் இருந்தது.

“அதுக்கு முன்னாடி எங்க உட்கார்ந்தீங்க?” என்றார் சின்ன முதலாளி.

“கீழ் அடுக்குல சார்.”

சின்ன முதலாளியின் முகத்தில் ஏதோ ஓடியது. மிக மெதுவாகக் கேட்டார்.

“அப்போ… அந்த ஊதா விரிப்பு?”

“அதை யாருமே கேக்கல சார். அது கீழ இருந்துச்சு, அவ்வளவுதான்.”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவில்லை, பரவியது. சின்ன முதலாளி சிவந்துபோய் எழுந்தார். “இது ஏமாத்து வேலை. எல்லாரையும் வேலையை விட்டு…” என்று தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சுருட்டை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. பிறகு கர்ப்பிணி, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு எல்லோரும். கீழே வாசலில் ஆட்கள் கடை திறக்கக் காத்திருந்தார்கள். கதவைத் தட்டும் சத்தம் மேலே கேட்டது. அன்று தள்ளுபடி விற்பனையின் முதல் நாள்.

நின்றவர்கள் சின்ன முதலாளி, கொக்கு, வாத்தியார். மூவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் வாத்தியார், “ப்ளீஸ் பி சீட்டட், சார்” என்றார்.

“சரி, எல்லாரும் முதல்ல எழுந்திரிங்க. அப்புறம் பேசிக்கலாம்” என்றார் சின்ன முதலாளி.

“பேசுங்க சார்” என்றார் அக்கா. “உட்கார்ந்தே கேக்குறோம்.”

கதவு மறுபடி தட்டப்பட்டது.

முக்காலிகள் வந்தன. அந்த வாரமே, பிரிவுக்கு ஒன்று. நியாயம் வென்றதால் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது தள்ளுபடி விற்பனையால். நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் உட்காரலாம், வாடிக்கையாளர் தலை தெரிந்தால் எழுந்துவிட வேண்டும். அக்கா கிடங்குக்குப் போகவில்லை. தலையணைப் பிரிவில்தான் இருக்கிறார். கணுக்காலின் கறுப்பு அப்படியே நிற்கிறது, புண்ணாகவில்லை. உட்கார இடம் இருக்கும்வரை ஆகாது என்கிறார் மருத்துவர்.

இருக்கும்வரை. அதுதான் இப்போது சிக்கல். முக்காலிகள் வந்த மறுவாரமே புகார்கள் வந்தன. “நான் உள்ளே வரும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தாள், மரியாதை தெரியவில்லை” என்று ஒருவர். “எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆயிற்று” என்று இன்னொருவர். புகார் சொன்னவர்கள் கொடுங்கோலர்கள் அல்ல. படித்தவர்கள், நாகரிகமானவர்கள், மாலையில் திண்டு வைத்த நாற்காலியில் சாய்ந்து உலகத்து அநியாயத்தைப் பற்றிப் படித்து வருந்துகிறவர்கள். இன்னும் சில புகார் வந்தால் முக்காலிகளை எடுத்துவிடுவதாகச் சின்ன முதலாளி சொல்லியிருக்கிறார். பாருங்கள், முதலாளியையும் கொக்கையும் சமாளித்துவிட்ட அந்தப் பெண்கள் கடைசியில் யாரிடம் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று.

உங்களிடம்தான்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். அடுத்த முறை எந்தக் கடைக்குள் நீங்கள் நுழைந்தாலும், உங்களைக் கண்டதும் ஒருவர் பதறி எழுந்தால், “எழுந்திரிக்காதீங்க, உட்கார்ந்தே சொல்லுங்க” என்று கடை முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். எழுந்திருக்க அவருக்குப் பின்னால் முக்காலியே இல்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் மேலாளரைக் கூப்பிட்டு, ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.